ஈசான்ய மூலை வழியாக இரண்டு பைக்

வெளிநாடு போய்வந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் விமானத்தின் ஜன்னல் சீட்டில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு வாய்த்தது குட்டி யானையின் முதுகு. மண்தரை ரேஸ் பைக் இரண்டு, அவற்றுக்கு நடுவே ஒரு ஸ்டெப்னி, அந்த ஸ்டெப்னியின் மேல் நானும் ஷாலினியும். ஆவடியில் ஏறினோம். திருத்தணி தாண்டி எங்கோ ஒரு வளைவில் மாநிலம் மாறியது. பாஸ்போர்ட் கேட்க யாரும் இல்லை. கடைப் பலகையில் எழுத்து மாறியது. கடைக்குள் திட்டிக்கொண்ட மொழி மாறவில்லை.

"இவ்வளவுதானா உங்க ஃபாரின்?" என்றேன்.

"இன்னா, மாலை போட்டுக் கூப்புடுவாங்கன்னு பாத்தியா? குந்து ஒழுங்கா," என்றாள் ஷாலினி.

ஷாலினி ஆந்திர எல்லையோர நகரிக்காரி. என்னோடு மெக்கானிக்கல் படித்தவள். வகுப்பில் பெண்கள் நாங்கள் இரண்டே பேர் என்பதால் நட்பு, வேறு வழியில்லை. மண்தரை ரேஸில் நான் விழுவேன், அவள் ஜெயிப்பாள். ஆனால் ஜெயிக்க வேண்டுமென்றால் பைக் முதலில் மைதானத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போன இரண்டு ரேஸுக்கும் போகவில்லை. ஒரு தடவை குட்டி யானைக்காரர் கல்யாணச் சீர்வரிசை ஏற்றப் போய்விட்டார். அடுத்த தடவை வெங்காயம்.

ஷாலினியின் பைக் அவளுடையது அல்ல. ஆவடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் ஓட்டக் கொடுத்தது. ஸ்பான்சர். "மூணாவது ரேஸும் போகலைன்னா வண்டி என் மச்சான் பையனுக்கு," என்று அவர் சொல்லிவிட்டார். மச்சான் பையன் இதுவரை ஓட்டியது ரீல்ஸ் மட்டும். மூன்றாவது ரேஸ் ஞாயிற்றுக்கிழமை, வேலூருக்கு வெளியே ஒரு மைதானத்தில். நாங்கள் ஆந்திராவுக்குள் நுழைந்தது புதன்கிழமை. இனி யார் வண்டியையும் நம்பக்கூடாது, பைக்கும் நாமும் ஒரே கூரைக்குள் தூங்க வேண்டும் என்று முடிவெடுத்து, புத்தூரில் ஒரு பழைய மோட்டார் ஹோமை வாங்கியிருந்தோம். அதன் வயிற்றைக் கிழித்து இரண்டு பைக்கை உள்ளே விடுவதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

புத்தூரில் இறங்கியதும் டீக்கடைக்குப் போனோம். முழங்கால் கவசம், பூட்ஸ், ஹெல்மெட் சகிதம் இரண்டு பெண்கள். கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார்.

"கையா, காலா?"

"என்னது?"

"எங்க உடைஞ்சுதும்மா? கட்டுப் போடற எடம் அந்தப் பக்கம். எண்ணெய் போட்டு ரெண்டு மூங்கில் வச்சுக் கட்டுனா, நல்லா ஆயிடும்."

புத்தூர் என்றால் எலும்பு முறிவுக் கட்டு. எலும்பு உடையாமல் இந்த ஊருக்கு வெளியாள் வருவதை அவர்களால் நம்ப முடியவில்லை. ஆட்டோக்காரர் கேட்டார், பூக்காரம்மா கேட்டார், ஒரு நாய்கூட என் காலை அக்கறையோடு முகர்ந்து பார்த்தது.

ஷாலினியின் சித்தப்பா அங்கே பாடி கட்டும் ஷெட் வைத்திருக்கிறார். பள்ளிக்கூட வேன், தறி ஸ்டாண்டு, கோயில் கேட்டு, எல்லாமே ஒரே வெல்டிங் ராடில். எங்கள் வண்டியும் அங்கேதான் நின்றது. அழுக்கு மஞ்சளில் ஒரு மினி பஸ். உள்ளே ஒரு கட்டில், குழாய் வைத்த பேசின், உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும் கழிப்பறை, பல்பு சுற்றிய கண்ணாடி. வெளியே இரண்டு பக்கமும் பெரிதாக ஓர் இஸ்திரிப் பெட்டி வரைந்திருந்தது.

"லாண்டரி வண்டியா?" என்று கேட்டேன்.

"உஷ். சின்னம்," என்றார் சித்தப்பா. "லீடர் நின்ன சின்னம். காதுல வுழப்போவுது, பின்னாடிதான் கீறாரு."

வண்டியை எங்களுக்கு விற்றவர்தான் லீடர். நம்மூரில் தேர்தலில் தோற்றவரை அடுத்த வாரமே மறந்துவிடுவோம். இங்கே ஒரு தடவை நின்றால் போதும், ஆயுசுக்கும் லீடர். இவர் பல தடவை நின்றவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, யாரைப் பார்த்தாலும் தானாகக் குவியும் கை. என்னைப் பார்த்தும் குவிந்தது. நான் தமிழ்நாட்டு ஓட்டு என்று தெரிந்தும் பிரியவில்லை.

வண்டியின் நடுவில் அவருடைய உயிர் இருந்தது. கூரையில் ஒரு பெரிய சதுர ஓட்டை, அதற்கு நேர் கீழே மூன்று பேர் நிற்கும் நீளத்துக்கு ஓர் இரும்பு மேடை. பச்சை ஸ்விட்சைத் தட்டினால் மேடை மேலே ஏறும், லீடர் கூரைக்கு வெளியே இடுப்பளவு முளைப்பார். மேலே போன பிறகு சிவப்பு ஸ்விட்சைத் தட்டினால் மேடை மெதுவாகச் சுற்றும்.

"சுத்தறது எதுக்கு லீடர்?"

"ஓட்டுப் போடறவனுக்கு முதுகைக் காட்டக்கூடாதும்மா. நாலு பக்கமும் ஜனம் நிக்கும். நானு பேசிக்கினே சுத்துவேன், யாருக்கும் முதுகு தெரியாது."

"அதான் டெபாசிட்டும் சுத்திக்கினு போச்சு," என்றார் சித்தப்பா.

"நீ வெல்டிங்கப் பாரு பாஸ்கரு."

ஒரே நிபந்தனையோடுதான் லீடர் வண்டியைக் கொடுத்திருந்தார்: மேடையில் கை வைக்கக் கூடாது. அடுத்த தேர்தலுக்கு இரவல் வாங்கிக்கொள்வாராம். பைக் நிற்க வேண்டிய இடத்தில் இந்த ராட்டினம். ஆவடிக்குப் போனதும் முதல் வேலையாக அதைக் கழற்றி எடைக்குப் போடுவது என்று மனதுக்குள் தீர்மானித்து, "அப்படியே இருக்கும் லீடர்," என்று வாக்குக் கொடுத்தேன். அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்து சித்தப்பாவுக்கு என் வரைபடத்தைக் காட்டினேன். பின்சுவரை அறுத்துக் கீழே கீல் வைத்தால், அதுவே இறங்கி ஏற்றுப்பலகை ஆகிவிடும். பைக் நேராக உள்ளே போகும், நேராக வெளியே வரும். கல்லூரியில் இதைவிடக் கேவலமான டிசைனுக்கெல்லாம் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

சித்தப்பா முகம் சுளித்தார். "பின்னாடியா? வேணாம்மா. அது நைருதி."

"யாரு?"

"தென்மேற்கு மூலைம்மா. அங்க வெயிட்டு இருக்கலாம், ஓட்டை இருக்கக்கூடாது. பின்னாடி எமர்ஜென்சி கதவு ஒண்ணு இருந்துது. லீடரு தோத்ததே அதாலதான். வாஸ்து பாக்கற சித்தாந்தி சொல்லி நாந்தான் வெல்டு வச்சு மூடினேன்."

"அதுக்கப்புறம் ஜெயிச்சாரா?"

"அதுக்கப்புறமும் தோத்தாரு. ஆனா கொஞ்சமாத் தோத்தாரு."

"சித்தப்பா, இது வண்டி. ஒரு யூ டர்ன் போட்டா உங்க நைருதியும் கூடவே திரும்பும்."

"ஓடறச்சே வண்டி. நிறுத்திட்டு உள்ள படுத்தீங்கன்னா வூடு. வூட்டுக்கு மூலை கீதா இல்லியா?"

"எந்தப் பக்கம் பாத்து வேணும்னாலும் நிறுத்துவோமே."

"கெழக்க பாத்து நிறுத்துங்க. இதுல இன்னா கஷ்டம்?"

நான் ஷாலினியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். இந்த ஊரில் வீடு, கடை, ஏன், ஏடிஎம் மெஷின்கூட வாஸ்து பார்த்துத்தான் திரும்பி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சித்தப்பா சித்தாந்திக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் இட்லி மெல்லும் சத்தத்தோடு ஒரு குரல் தெலுங்கில் கேட்டது: வாகனமா, வசிப்பிடமா? இரண்டும் என்றார் சித்தப்பா. குரல் யோசித்தது. கிழக்கு பார்த்து நின்றால் பின்வலது மூலை நைருதி, அதைத் திறந்தால் குடும்பத்துக்கு ஆகாது. முன்னிடது மூலை ஈசான்யம், அதை எவ்வளவு திறந்தாலும் நல்லது. சொல்லிவிட்டு மறுபடியும் இட்லிக்குப் போய்விட்டது.

நான் வரைபடத்தை பிரிண்ட் எடுத்து, பின்சுவரில் பெரிய சிவப்பு அம்புக்குறி போட்டு, 'இங்கேதான் வெட்ட வேண்டும்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். சித்தப்பா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குக் கீழே ஒட்டி, குங்குமம் வைத்தார்.

"சரிம்மா," என்றார்.

மதியம் சித்தி வீட்டில் நம்மூர்க் களி மாதிரி கேழ்வரகு சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும். மென்றால் சிரிப்பார்கள், உருட்டி அப்படியே முழுங்க வேண்டும். முழுங்கினேன். பின்சுவர் விஷயத்தையும் அப்படித்தான் முழுங்க வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை திருப்பதி. பைக்கை இறுக்கிக் கட்டும் பெல்ட் வாங்க வேண்டும். ஷாலினிக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். பஸ்ஸில் பாதிப் பேர் மொட்டை, மீதிப் பேர் மொட்டையாகப் போகிறவர்கள். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் மொத்த பஸ்ஸும் "கோவிந்தா!" என்றது. சென்னை பஸ்ஸில் அதே பிரேக்குக்கு டிரைவரின் அம்மாவை இழுப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆந்திரா எங்கேயோ போய்விட்டது.

பக்கத்து சீட்டு அம்மா என் பூட்ஸைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ கேட்டார். ஷாலினி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "இவ்ளோ பெரிய கட்டா, பாவம், எப்ப பிரிப்பாங்கன்னு கேக்கறாங்க."

லாரி சாமான் கடையில் பெல்ட் கிடைத்தது. மலைக்கு மேலே போக நேரமில்லை. அடிவாரத்தில், அலிபிரியில், புது கார்கள் மாலை போட்டு வரிசையாக நின்று பூஜை வாங்கிக்கொண்டிருந்தன. எங்கள் வண்டி புத்தூரில் வயிறு கிழிந்து கிடந்தது. ஷாலினி போனில் அதன் போட்டோவை எடுத்து, இரண்டு கார்களுக்கு நடுவே தரையில் வைத்தாள். தேங்காய்க் கடைக்காரம்மா ஒரு கணம்கூட யோசிக்காமல் திரைமேல் குங்குமம் வைத்து, அதற்கும் திருஷ்டி சுற்றினார். எலுமிச்சம்பழம் வைக்கத்தான் சக்கரம் கிடைக்கவில்லை. போனின் நாலு மூலையிலும் வைத்தார். ஷாலினி தேங்காயை ஓங்கி உடைத்தாள்.

"இன்னா வேண்டிக்கினே தெரியுமா? ஞாயித்துக்கெழம காலையில பைக்கு மைதானத்துல நிக்கணும். ஜெயிக்கறதெல்லாம் நான் பாத்துக்கறேன். கொண்டாந்து சேக்கறது மட்டும் அவரு பாத்துக்கட்டும்."

சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பினோம். பின்சுவர் அப்படியே இருந்தது. சாமி படத்துக்குக் கீழே என் சிவப்பு அம்புக்குறியின் மேல் குங்குமம் காய்ந்திருந்தது. வண்டியின் முன்னிடது பக்கம், ஏறும் படி இருந்த இடத்திலிருந்து நடு மேடை வரை, மாட்டு வண்டியே நுழையும் அகலத்துக்கு ஒரு கதவு. அழகான கதவு. கீல், ஏற்றுப்பலகை, ரப்பர் பீடிங் எல்லாம் கச்சிதம். இடம் மட்டும்தான் தப்பு.

"ஈசான்யம்," என்றார் சித்தப்பா, பிள்ளை பெற்றவர் போல.

"சித்தப்பா! பைக் குறுக்கே நுழைஞ்சா எப்படித் திரும்பும்? வண்டி அகலத்தைவிட பைக் நீளம்!"

"ஒரு தட்டுத் தட்டுனா திரும்பிக்கும்."

"நாளைக்குப் பின்னாடி வெட்டிக் கொடுங்க."

"நாளைக்கு அம்மன் ஜாத்திரைம்மா. வெல்டிங் மெஷின் தொடக்கூடாது. எங்க ஷெட்டுன்னு இல்ல, ஊருல ஒரு ஷெட்டும் தெறக்காது."

சனிக்கிழமை காலை ஊரெல்லாம் பம்பை, உடுக்கை, மஞ்சள் பூசிய ஆடுகள். நாங்கள் ஷெட் வாசலில் ஷாலினியின் பைக்கை ஏற்றுப்பலகையில் தள்ளினோம். அது குறுக்காக உள்ளே போய் மேடைமேல் ஏறியது. முன்சக்கரம் எதிர்ச்சுவரில் முட்டி நின்றது. பின்சக்கரம் நாலு விரல்கடை கதவுக்கு வெளியே. சித்தப்பா ஒரு தட்டுத் தட்டினார். திரும்பவில்லை. நான் உதைத்தேன். என் கால்தான் வலித்தது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். ஷாலினியோ ஏற்றுப்பலகையில் உட்கார்ந்து, பைக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தன் பெயர் ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாகச் சுரண்ட ஆரம்பித்தாள். முதல் எழுத்து உரிந்து வந்தது.

"ஏய், நிறுத்துடி."

"குடுக்கறச்சே சுத்தமாக் குடுக்கணும். அவன் பேரு ஒட்டிக்குவான்."

சித்தப்பா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பைக்கை மறுபடி வெளியே இழுத்தோம்.

அப்போது லீடர் வந்தார். ஜாத்திரைக்குப் புது வேட்டி, நெற்றி நிறைய குங்குமம். வண்டியை வழியனுப்ப வந்தாராம். யார் முகமும் சரியில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. கூட்டத்தின் முகம் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் ஒரு தடவையாவது ஜெயித்திருப்பார்.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா ஏறிக்கிறேம்மா," என்று மேடையில் நின்று பச்சை ஸ்விட்சைத் தட்டினார்.

மேடை ஏறியது. கூடவே கூரை ஸ்பீக்கரில் அவர் குரலே அலறியது. "நமஸ்காரம்! உங்க வூட்டுப் புள்ள உங்க வாசலுக்கே வந்துகினு கீறேன்! பெரியவங்க, தாய்மாருங்க, ஆசீர்வாதம் பண்ணணும்!" தொண்டர்கள் மறந்துவிடுவார்கள் என்று லிஃப்ட்டுக்கும் பேச்சுக்கும் ஒரே ஒயர் போட்டிருந்தார்கள். லீடர் கூரைக்கு மேல் முளைத்துக் கைகூப்பிச் சுற்றினார். ஜாத்திரைக்குப் போன ஆட்டுக்காரர் ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது அவருடைய வெள்ளைச் செருப்பு மட்டும்தான். அந்தச் செருப்பு ஜன்னல் கம்பி உயரத்தில் இருந்தது. சுவர் கீழேதான். அந்த உயரத்தில் சுவர் இல்லை, திறக்கிற ஜன்னல்.

"லீடர், இறங்குங்க! உடனே இறங்குங்க!"

"ஊரே அதத்தாம்மா சொல்லுது," என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

பைக்கை மறுபடி மேடையில் ஏற்றினோம். சுற்றியிருந்த கைப்பிடிக் கம்பிகளைக் கழற்றி, புது பெல்ட்டால் பைக்கை மேடையோடு கட்டினோம். எதிர்ப்பக்க ஜன்னலை முழுக்கத் தள்ளினேன். "தாங்குமா?" என்றார் சித்தப்பா.

"நானு, ரெண்டு தொண்டருங்க, கிரேன்ல போட்ட ஆப்பிள் மாலை, அத்தினியும் தாங்கிச்சு," என்றார் லீடர் ரோஷமாக.

பச்சை ஸ்விட்ச். "நமஸ்காரம்!" பைக் ஏறியது. ஹேண்டில்பார் கூரை ஓட்டைக்கு வெளியே முளைத்தது, கைகூப்பியது போலவே. முன்சக்கரம் ஜன்னல் உயரத்துக்கு வந்தது. பெல்ட்டைத் தளர்த்தி நாலு விரல்கடை முன்னால் தள்ளி, மறுபடி இறுக்கினோம். சக்கரம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தது, பின்சக்கரம் கதவுக்குள் வந்தது. சிவப்பு ஸ்விட்ச். பைக் மெதுவாக, யாருக்கும் முதுகு காட்டாமல், திரும்பியது. வண்டியின் நீளத்துக்கு நேராக வந்ததும் கீழே இறக்கி, பின்வலது மூலைக்குத் தள்ளி நிறுத்தினோம்.

"நைருதியில வெயிட்டு!" என்று சித்தப்பா கூவினார். "சித்தாந்தி சொன்னாரா இல்லியா?"

அவரைக் கொல்லலாம் போலவும் கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது. ஷாலினி ஓடிப்போய், உரித்த எழுத்தை எச்சில் தொட்டு மறுபடி ஒட்டினாள்.

ஒயரைப் பிரித்துப் பேச்சை மட்டும் நிறுத்தப் பார்த்தோம். "அதத் தொட்டா லிஃப்ட்டும் படுத்துக்கும்," என்றார் சித்தப்பா. என் பைக்கையும் அதே வழியில் ஏற்றிப் பக்கத்திலேயே கட்டி, அப்படியே கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். பின்வலது பக்கம் பாரத்தில் வண்டி ஒருக்களித்துப் போனது. வழியில் நிறுத்தி, என் பைக்கை இடது பக்கம் மாற்றிக் கட்டிய பிறகுதான் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்டது. அந்தத் தகவலை சித்தாந்திக்குச் சொல்லவில்லை.

சித்தூருக்கு முன்னால் மாம்பழ டிராக்டர்கள். மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை. ஊரே ஜூஸ் கடை மாதிரி மணந்தது, ஒரு வண்டியும் நகரவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்க, பேச்சு தானாகவே ஆரம்பித்தது. "உங்க வூட்டுப் புள்ள..." டிராக்டர்மேல் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் பதறி எழுந்தார்.

"தேர்தல் வந்துடுச்சா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"இன்னும் இல்லண்ணா," என்றாள் ஷாலினி.

"அப்புறம் எதுக்கு இவ்ளோ மரியாதை?"

ஆனாலும் வழி விட்டார்கள். கட்சி வண்டி என்று நினைத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸுக்குக்கூட அப்படி ஒதுங்கியிருப்பார்களா தெரியவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கைகூப்பிக்கொண்டே ஓட்டினேன். பழகிவிட்டது.

ஞாயிறு காலை மைதானம். வேலூர் வெயில், செம்மண், சுற்றிலும் கூட்டம். பைக்குகளைச் சரிபார்க்கும் இடத்தில் ஸ்பான்சர் நின்றார். பக்கத்தில் மச்சான் பையன், மடிப்புக் கலையாத புது ஜெர்ஸியில், புது கிளவுஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். "வராதுங்க" என்று ஸ்பான்சர் யாரிடமோ சொல்வது கேட்டது.

நான் பச்சை ஸ்விட்சைத் தட்டினேன்.

"நமஸ்காரம்!" என்றது மைதானம் முழுக்க. எல்லாத் தலையும் திரும்பியது. கூரையைப் பிளந்துகொண்டு ஹேண்டில்பார் முளைத்தது, சுற்றியது, இறங்கியது. கதவு வழியாக ஷாலினி பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முதலில் ஒரு விசில். பிறகு மொத்தக் கூட்டமும் கைதட்டியது. என் பைக்கையும் இறக்கச் சொல்லிக் கத்தினார்கள், இறக்கியதும், "மறுபடி ஏத்து!" என்று கத்தினார்கள். மச்சான் பையன் கிளவுஸைக் கழற்றிவிட்டுப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

ஷாலினி மூன்றாவதாக வந்தாள். எங்கள் வண்டியின் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்பான்சர் தன் கடை ஸ்டிக்கரைத் தானே ஒட்டினார். அவள் பெயரில் உரிந்த முதல் எழுத்தையும் புதிதாக அடித்துத் தருவதாகச் சொன்னார். நான் இரண்டாவது வளைவிலேயே விழுந்தேன். முதலுதவிக்காரர் வீங்கிய மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்து, "எங்கேருந்து வர்றீங்க?" என்றார்.

"புத்தூர்லேருந்து."

"கட்டுப் போடற ஊர்லேருந்தா கையை உடைச்சுக்க இங்க வந்தீங்க?"

பரிசு கொடுக்கும் நேரத்தில் லீடருக்கு வீடியோ கால் போட்டேன். ஜாத்திரை முடிந்து களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை இல்லாமல், பனியனில், சாதாரண மனிதரைப் போல இருந்தார்.

"லீடர், உங்க பேச்சுக்குக் கைதட்டினாங்க."

"சும்மா சொல்லாதம்மா. பைக்குக்குத் தட்டியிருப்பாங்க."

"நீங்களே பாருங்க," என்று ஷாலினியிடம் சொல்லிப் பச்சை ஸ்விட்சைத் தட்ட வைத்தேன். வெறும் மேடை மேலே போனது. "நமஸ்காரம்!" அந்த ஒரு வார்த்தைக்கே கூட்டம் மறுபடி விசிலடித்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல கையால் போனைத் தலைக்கு மேல் உயர்த்தினேன். சின்னத் திரையில் லீடர் அவசரமாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கை தானாகக் குவிந்தது.

நாலு பக்கமும் ஜனம் நின்றது. போனை மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தேன், யாருக்கும் அவர் முதுகு தெரியாதபடி.